முழங்காலுக்கு நாலு விரல் கீழே

அக்குபஞ்சர் மருத்துவரிடம் ஒருமுறையாவது போய் வந்தவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் முட்டிச் சில்லுக்குக் கீழே, வெளிப்பக்கமாக ஒரு சின்னக் குழி தட்டுப்படும். அங்கிருந்து நாலு விரற்கடை இறங்கி, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே நகர்ந்து அழுத்தினால் சதைக்குள் லேசாக ஒரு வலி எழும். சீனாவில் இதற்கு ஸூசான்லி என்று பெயர். ஜப்பானில் சான்ரி, கொரியாவில் சம்னி. மற்ற நாட்டுச் சுவர்ப்படங்களில் எஸ்.டி. 36. பசியின்மை, தீராத வயிற்றுக் கோளாறு, காய்ச்சலில் விழுந்து எழுந்த பிறகும் தேறாத உடம்பு, மாதக்கணக்கில் விலகாத அசதி என்று வருகிறவர்களிடம் சீன மருத்துவரின் கை பெரும்பாலும் முதலில் தேடிப் போவது இந்த இடத்தைத்தான்.

தோலில் பார்த்தால் அங்கே ஓர் அடையாளமும் கிடையாது. அப்படியும் இந்த விரல்நுனி அளவு இடம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நேபாளச் சிற்பியும், ஒரு ஜப்பானியக் கவிஞரும், குடல்வால் அறுவைக்குப் படுத்த ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரும் அதன் வழியில் வருகிறார்கள்.

அது எப்போது பிறந்தது என்பதை இரண்டு கல்லறைகளை வைத்து ஓரளவு கணிக்கலாம். 1973இல் ஹூனான் மாகாணத்தின் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் இருந்தன. உடம்பில் ஓடும் 11 தடங்களை அவை விவரிக்கின்றன. அந்தத் தடங்களின் மேல் சூடு வைக்கச் சொல்கின்றன. ஆனால் ஊசியும் இல்லை, புள்ளியும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, பட்டுப்பாதை ஓடிய கன்சு மாகாணத்தில், வூவெய் ஊருக்கு அருகே கிழக்கு ஹான் காலத்துக் கல்லறை ஒன்றில் 92 மர ஏடுகள் கிடைத்திருந்தன. இவை மாவாங்துய் நூல்களுக்கு இருநூறு ஆண்டுகளாவது பிந்தியவை. அங்கே நம் புள்ளி பெயரோடு இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே சுன் என்ற சீன அளவில் எத்தனை தூரம், ஊசி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், எவ்வளவு நேரம் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. நேரத்துக்குச் சொன்ன கணக்கு அழகானது: ஓர் அளவு அரிசி வேகும் பொழுது.

வூவெய் ஏடு தூரத்தை ஐந்து சுன் என்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் அது மூன்று சுன் ஆகிவிட்டது. அந்தக் கணக்கைப் பிடித்து நிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஹுவாங்பூ மி. கி.பி. 215 முதல் 282 வரை வாழ்ந்த அறிஞர். நடுவயதில் வாதம் அவரை முடக்கிப் போட்டது. நோயாளியான பிறகுதான் மருத்துவ நூல்களைத் தேடிப் படித்தார். சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி, சுமார் 349 புள்ளிகளின் இருப்பிடங்களை ஒழுங்குபடுத்தினார். சுன் என்ற அளவு நோயாளியின் உடம்பிலிருந்தே எடுக்கப்படுவது. அவரவர் கையின் நாலு விரல் அகலம்தான் அவரவர் காலுக்கு மூன்று சுன். குழந்தைக்கும் பயில்வானுக்கும் ஒரே விதி போதும், அளவுகோல் வேண்டாம். இந்தப் புள்ளி இவ்வளவு தூரம் பயணம் போனதற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பலவீனத்துக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? அந்த மருத்துவத்தின் பார்வையில் உடம்பின் வலிமை உணவிலிருந்து வருகிறது. உணவை வாங்கிப் பக்குவப்படுத்துவது வயிறு. வயிற்றுக்குரிய தடம் முகத்தில் தொடங்கி மார்பு, தொடை வழியாகக் கால்விரல் வரை இறங்குகிறது. அந்தத் தடத்தில் நம் புள்ளி உட்கார்ந்திருக்கிறது. வயிற்றைத் தூண்டினால் உணவு உடம்பில் சேரும், உணவு சேர்ந்தால் பலம் வரும் என்பது அவர்கள் தர்க்கம். உழைத்துத் தேய்ந்து மெலிந்தவர்களுக்கு இந்த இடம் உகந்தது என்று புகழ்பெற்ற ஹுவா துவோ சொன்னதாகப் பிற்கால நூல்கள் அவர் பெயரில் ஏற்றிச் சொல்கின்றன.

டாங் வம்சத்தில் ஊசி கொஞ்சம் பின்வாங்கி நெருப்பு முன்னால் வந்தது. 752இல் பெருந்தொகை நூல் ஒன்றைத் தொகுத்த வாங் தாவ், ஊசி ஆளைக் கொன்றுவிடும் என்று அஞ்சிச் சூட்டை மட்டும் வைத்துக்கொண்டார். சூடு என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்பு அல்ல. நீலகிரியில் வளரும் நம் மாசிபத்திரிக்கு உறவான ஒரு செடியின் இலையைக் காயவைத்து, இடித்து, சலித்தால் பஞ்சுபோல ஒரு பொருள் கிடைக்கும். அதைச் சிறு கூம்பாக உருட்டித் தோலின் மேல் வைத்துக் கொளுத்துவார்கள். தோல் வெந்து புண்ணாகும். அந்தப் புண் ஆறாமல் இருக்கும்வரை உடம்புக்குக் காவல் என்று நம்பினார்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஸூசான்லியில் சூடு வைக்காவிட்டால் கண் மங்கும் என்பது வாங் தாவின் நூல் சொல்லும் எச்சரிக்கை. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே சுன் சிமியாவ் என்ற மருத்துவர், தெற்கிலும் மேற்கிலும் உள்ள காய்ச்சல் பிரதேசங்களுக்கு மாற்றலாகும் அதிகாரிகள் உடம்பில் இரண்டு மூன்று இடங்களில் சூட்டுப் புண் ஆறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். பின்னால் வந்த சோங் காலத்தில், நலம் வேண்டுமானால் ஸூசான்லி ஈரம் காயாமல் இருக்கட்டும் என்ற கருத்து பழமொழியாகவே ஆகிவிட்டது. மலேரியாவுக்கு அஞ்சிய அரசு ஊழியர்களின் கால்களில் இந்தப் புள்ளி நெடுந்தூரம் நடந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் வியாபாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். தலைநகர் சாங்கானின் கிழக்குச் சந்தையில் லி என்ற குடும்பம் ஓர் அவசரச் சூட்டு வைத்தியக் கையேட்டை அச்சிட்டு விற்றது. மருத்துவர் இல்லாத தூரத்து ஊர்களுக்கான புத்தகம் அது. 860களின் தொடக்கத்தில் பாலைவன ஓரத்து துன்ஹுவாங்கில் யாரோ இருவர் அந்த அச்சுப் பிரதியைப் பார்த்துக் கையால் எழுதி வைத்துக்கொண்டார்கள். அச்சிட்டதைக் கையால் நகலெடுத்தார்கள். அச்சுப் பிரதி அழிந்துபோனது, கையெழுத்து பிழைத்தது. துன்ஹுவாங் குகையில் அடைத்து வைத்த ஏடுகளை 1908இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெலியோ வாங்கிச் சென்றார். அதனால் அந்த நகல் இன்று பாரிஸில் இருக்கிறது.

நகலெடுத்தால் பிழை பெருகும். ஒரு நூல் சொல்லும் இடத்தில் இன்னொரு நூல் புள்ளி வைக்காது. இந்தக் குழப்பத்தை முடிக்க சோங் அரசவை எடுத்த முடிவு வியப்பானது: மனிதனையே வெண்கலத்தில் வார்ப்பது. வாங் வெயீ என்ற மருத்துவ அதிகாரியின் மேற்பார்வையில் 1027இல் ஆளுயரச் சிலைகள் இரண்டு தயாராயின. 354 பெயர்களுக்குரிய புள்ளிகள் உடம்பெங்கும் துளைகளாக இருந்தன. தேர்வு நாளில் சிலைக்கு மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே திரவம் நிரப்புவார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. மாணவர் சரியான இடத்தில் குத்தினால் திரவம் கசியும்.

அந்தச் சிலையைத் தேடி அரசர்கள் அலைந்த கதை தனி. ஒன்று மங்கோலியர் கைக்குப் போனபோது பழுதுபட்டிருந்தது. குப்லாய் கானின் அரசவையில் அதைச் செப்பனிட யாருக்கும் துணிவு வரவில்லை. நேபாளத்திலிருந்து வந்திருந்த அரனிகோ என்ற இளம் சிற்பி, சீனத்தில் அனிகெ, அந்த வேலையை ஏற்று 1265இல் முடித்துக் கொடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். இன்றும் பெய்ஜிங்கில் நிற்கும் வெள்ளைத் தூபியைக் கட்டியவரும் அவரே. காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் புத்தர் சிலை வார்த்துப் பழகிய கை, சீன மருத்துவத்தின் புள்ளிகளைக் காப்பாற்றியது. சிலை மேலும் தேய்ந்ததால் மிங் வம்சத்தார் 1443இல் புதிதாக ஒன்றை வார்த்தார்கள். 1900இல் அந்நியப் படைகள் பெய்ஜிங்கில் நுழைந்த குழப்பத்தில் ரஷ்யர்கள் ஒரு வெண்கல மனிதனைக் கொண்டு போனார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிலை 1443இன் வார்ப்பே என்று சீன ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு போட்டியாளரையும் சொல்லிவிட வேண்டும். நாள்பட்ட பலவீனத்துக்கு ஸூசான்லியைவிடச் சிறப்பு என்று பலர் போற்றிய புள்ளி காவ்ஹுவாங். முதுகில், தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு ஓரத்தில் இருக்கிறது. 1127இல் ஜின் படைகள் சோங் தலைநகரைப் பிடித்தபோது தெற்கே ஓடியவர்களில் ஜுவாங் சுவோ என்பவரும் ஒருவர். வழியில் மலேரியா கண்டு எலும்பும் தோலுமானார். காவ்ஹுவாங்கில் நூற்றுக்கணக்கான சூடுகள் வைத்துக்கொண்ட பிறகு தேறினார். அந்த நன்றியில் 1128இல் அந்த ஒரே புள்ளிக்காக ஒரு தனி நூல் எழுதினார். அதைக் கண்டுபிடிக்க எப்படி உட்கார வேண்டும், கைகளை எப்படி நீட்டினால் தோள்பட்டை விலகும் என்று ஒவ்வொரு மரபின் முறையையும் சேகரித்திருக்கிறார். அப்படியொரு பெருமை கிடைத்தும் காவ்ஹுவாங் ஸூசான்லி அளவுக்கு ஊர் சுற்றவில்லை. முதுகுப் புள்ளிக்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும், மேலாடையைக் கழற்ற வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள இடத்தை வழிப்போக்கர் சத்திரத் திண்ணையில் உட்கார்ந்து தானே பார்த்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் நடந்தது அதுதான். 562இல் ஜி சொங் என்பவர் கொரியா வழியாக 164 சுருள் நூல்களோடு வந்தார். அவற்றில் புள்ளிப் படங்களும் இருந்தன என்கிறது அங்குள்ள மரபு. 701ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு அரசு ஊசி மருத்துவர் பதவியையே உருவாக்கியது. ஆனால் சான்ரியை வீட்டுப் பழக்கமாக்கியவர்கள் நடந்துபோகிறவர்கள். 14ஆம் நூற்றாண்டில் கென்கோ என்ற துறவி, நாற்பது வயதைத் தாண்டியவர் மற்ற இடங்களில் சூடு வைத்துக்கொண்டு சான்ரியை விட்டுவிட்டால் உடம்பின் வெப்பம் தலைக்கு ஏறும் என்று தம் கட்டுரைகளில் குறித்தார். வாங் தாவின் முப்பது வயது, ஆறு நூற்றாண்டுகளில் கடல் தாண்டி நாற்பதாகிவிட்டது! 1689இல் கவிஞர் பாஷோ எடோ நகரிலிருந்து வடக்கே தம் நெடும்பயணத்துக்குக் கிளம்பும் முன் செய்துகொண்ட ஏற்பாடுகளில் ஒன்று சான்ரியில் சூடு. அந்தப் பயண நூலை ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். அதனால் ஊசியைக் கண்ணால் பார்க்காத ஜப்பானியருக்கும் இந்தப் புள்ளியின் பெயர் பழக்கம்.

நடப்பவர்கள் இருந்தால் விற்பவர்களும் இருப்பார்கள். நகசெந்தோ நெடுஞ்சாலையில் இபுகி மலை அடிவாரத்தில் காஷிவாபரா என்ற தங்குமிடம். அந்த மலையின் மூலிகைப் பஞ்சு நாடெங்கும் பெயர் பெற்றது. ஒன்றைப் பார்த்து ஒன்றாக, பத்துக்கும் மேற்பட்ட கடைகள் அந்த ஒரே ஊரில் முளைத்தன. காமேயா சாக்யோ என்ற கடையின் முதலாளி எடோவுக்குப் போய், யோஷிவாரா கேளிக்கை வட்டாரத்துப் பெண்களுக்குப் பணம் கொடுத்துத் தன் கடைப் பெயரைப் பாட்டாகப் பாட வைத்தார் என்று ஒரு கதை உண்டு. விளம்பரப் பாட்டின் தொடக்ககால உதாரணங்களில் இதையும் சேர்க்கலாம். ஓவியர் ஹிரோஷிகே அந்த நெடுஞ்சாலையை வரிசையாக வரைந்தபோது, காஷிவாபராவுக்கு அவர் தேர்ந்தெடுத்த காட்சி மலையல்ல, இந்தக் கடைதான்.

ஐரோப்பாவுக்கு வழி திறந்தது ஒரு கால்வலி. இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில் ஹெர்மன் புஷோஃப் என்ற டச்சுப் பாதிரியார் கீல்வாதத்தால் துடித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பிய மருந்துகள் கைவிட்டன. இந்தோசீனப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் வைத்தியர் அவருடைய பாதங்களிலும் முழங்கால்களிலும் சிறு சிறு சூடுகள் வைத்தார், வலி தணிந்தது. 1675இல் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய நூல் வந்தது, அடுத்த ஆண்டு லண்டனில் ஆங்கிலத்தில். 1677இல் நைமேகனில் சமாதானப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த ஆங்கிலத் தூதர் வில்லியம் டெம்பிளுக்கும் அதே நோய் வந்தது. புத்தகத்தைப் பற்றி நண்பர் சொல்லக் கேட்டு அவரும் சூடு வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார்.

ஆனால் டெம்பிள் வைத்துக்கொண்டது வலித்த கால் விரலில். ஐரோப்பியர் நெருப்பை எடுத்துக்கொண்டார்கள், விலாசத்தை விட்டுவிட்டார்கள். நாகசாகியின் தெஜிமா தீவில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்த வில்லெம் டென் ரைனெ, 1683இல் லண்டனில் வெளியிட்ட நூலில் சீன, ஜப்பானியப் படங்களையே சேர்த்திருந்தார். பின்னால் அதே தீவில் இருந்த எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபரும் 1712இல் சூட்டு இடங்களைக் காட்டும் ஒரு படத்தை அச்சிட்டார். வாசகர்கள் அந்தத் தடங்களை ரத்தக் குழாய்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பொருந்தவில்லை, தள்ளிவிட்டார்கள்.

நூறு ஆண்டுக்குப் பின் ஊசிக்கு வந்த மோகமும் அப்படியே. இசையமைப்பாளர் ஹெக்டர் பெர்லியோஸின் தந்தையான மருத்துவர் லூயி பெர்லியோஸ் 1810இல் நோயாளிகளுக்கு ஊசி குத்திப் பார்த்தார். 1821இல் லண்டனில் ஜான் சர்ச்சில் ஒரு நூல் எழுதினார். 1825இல் பாரிஸ் மருத்துவமனைகளில் அது பெரும் பரபரப்பு. சார்லாந்தியேர் என்பவர் ஊசியில் மின்சாரமே பாய்ச்சினார். அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் கொள்ளுப்பேரன் ஃபிராங்க்ளின் பேச், பிலடெல்பியா சிறைக் கைதிகளிடம் சோதித்து 1826இல் முடிவுகளை வெளியிட்டார். எல்லாரும் குத்தியது பெரும்பாலும் வலித்த இடத்திலேயே. முழங்காலில் குத்தி வயிற்றைச் சரிசெய்வது என்ற எண்ணமே அங்கே போய்ச் சேரவில்லை. இதில் விந்தை என்னவென்றால், 1822இல் சீனப் பேரரசர் தாவ்குவாங் தம் அரச மருத்துவக் கழகத்தில் ஊசியையும் சூட்டையும் தடை செய்தார்; அரசர் திருமேனிக்கு அவை தகா என்பது காரணம். பாரிஸ் ஊசியைத் தூக்கிக் கொண்டாடத் தொடங்கிய நேரத்தில் பெய்ஜிங் அரண்மனை அதைக் கீழே வைத்தது.

தாய்நாட்டில் மங்கியதை மீட்டவர்களில் செங் தான்ஆன் என்ற மருத்துவர் முக்கியமானவர். 1930களில் அவர் ஜப்பானுக்குப் போய், அங்கே பள்ளிகளில் உடற்கூறியலோடு சேர்த்துப் புள்ளிகளைக் கற்பிக்கும் முறையைப் பார்த்துவந்தார். எலும்பு, தசை, நரம்பு என்று நவீன விவரங்களோடு புள்ளிகளைத் திரும்ப எழுதினார். சீனா ஜப்பானுக்குக் கொடுத்தது இப்படி வீடு திரும்பியது. அதே காலத்தில் பிரான்சில், சீனாவில் தூதரக வேலை பார்த்துத் திரும்பிய ஜார்ஜ் சூலியே த மோரான் தடங்களையும் புள்ளிகளையும் சேர்த்தே எழுதினார். டெம்பிளுக்குக் கிடைக்காத விலாசம் ஐரோப்பாவுக்கு வந்து சேர இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இந்தியாவுக்கு வந்த வழி ஒரு போரின் வழி. 1938இல் ஜப்பானியப் படையெடுப்பில் காயம்பட்ட சீனர்களுக்கு உதவக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் துவாரகநாத் கோட்னிஸை நாம் அறிவோம். அவரோடு போன கல்கத்தாவின் பிஜய் குமார் பாசு, 1950களின் கடைசியில் மீண்டும் சீனாவுக்குப் போய் அக்குபஞ்சர் கற்றுவந்து 1959இல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். தெற்கே கொழும்பின் களுபோவிலை அரசு மருத்துவமனையில் ஆன்டன் ஜயசூரிய நடத்திய பயிற்சிக்கு உலகின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அமெரிக்காவைத் திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு குடல்வால். 1971 ஜூலையில் பெய்ஜிங் போயிருந்த நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு அவசர அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து வழக்கமானதுதான். அறுவைக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை. ஆனால் அதன்பின் வயிறு உப்பி அவர் தவித்த இரவில், ஒரு மருத்துவர் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசி போட்டு, மூலிகைச் சூடும் காட்டினார். புள்ளிகளின் பெயரை ரெஸ்டன் எழுதவில்லை. வயிற்றுத் தொல்லைக்கு முழங்காலுக்குக் கீழே என்றால் அது எது என்று இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். ஜூலை 26ஆம் தேதி முதல் பக்கத்தில் வந்த அந்தச் செய்திக்குப் பிறகுதான் அமெரிக்காவில் ஊசிக்கு வரிசை நிற்கத் தொடங்கியது.

இத்தனை பேர் கைமாறிய பிறகு புள்ளிகள் அதனதன் இடத்தில் இருந்தனவா? உலக சுகாதார நிறுவனத்தின் மணிலா அலுவலகம் சீன, ஜப்பானிய, கொரிய வல்லுநர்களைக் கூட்டியபோது, 361 புள்ளிகளில் 92க்கு அவர்களிடையே ஒருமித்த இடம் இல்லை என்று தெரிந்தது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 2008இல் பொதுத்தரம் வெளியானது. வெண்கல மனிதன் செய்ய முயன்ற வேலையை அச்சுத் தாளும் அளவுநாடாவும் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து முடித்தன.

அந்த இடத்துக்கு உண்மையில் சக்தி உண்டா என்று கேட்டவர்களும் உண்டு. ஃபுகுவோகாவின் ஹாரா ஷிமெதாரோ, காசநோய் தொற்றிய முயல்களுக்குச் சூடு வைத்து ஆராய்ந்து 1929இல் முனைவர் பட்டம் பெற்றவர். தம் காலிலும் சூடு வைத்துக்கொண்டு வாழ்ந்தார். 108 வயதில், 1991இல் காலமானார். ஒரு மனிதரின் ஆயுள் சான்று ஆகாது. ஆனாலும் ஜப்பானில் சான்ரிக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறில்லை.

2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு வேறு வகை. ஹார்வர்டின் சியூஃபூ மா குழுவினர் எலிகளின் பின்னங்காலில், நம் புள்ளிக்கு இணையான இடத்தில் மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு, உடம்பில் பரவிய அழற்சி குறைந்தது. அதே மின்சாரத்தை வயிற்றில் செலுத்தியபோது அது நடக்கவில்லை. காரணத்தையும் தேடிப் பிடித்தார்கள்: ஒரு குறிப்பிட்ட வகை உணர்வு நரம்பு இழைகள் பின்னங்காலின் ஆழ்ந்த சவ்வில் பரவியிருக்கின்றன, வயிற்றின் சவ்வில் இல்லை. தடங்களுக்கு இது சான்றல்ல. நாள்பட்ட சோர்வு மனிதரிடம் இதனால் எவ்வளவு குறையும் என்பதும் தனியே சோதிக்க வேண்டியது. உண்மை ஊசியையும் போலி ஊசியையும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைப்பது கடினம் என்பதால் அந்தச் சோதனைகள் எளிதில் முடிவு சொல்வதில்லை. ஆனால் எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்ற அனுமானம், அந்த எலிகளின் காலில் பொய்த்தது. அந்த இழைகள் மனிதக் காலில் எந்த ஆழத்தில், எவ்வளவு அடர்த்தியாக ஓடுகின்றன என்று வரைந்து பார்ப்பது அடுத்த வேலை.